என் அம்பாசடருக்குப் பல்வலி

இன்று காலையிலிருந்து ஒன்பது முறை காரை ஸ்டார்ட் செய்துவிட்டேன். எங்கும் போவதற்கில்லை. சும்மா, அந்தச் சத்தம் வராததைக் கேட்பதற்காகத்தான்! கரமனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் மாமி வாசலுக்கே வந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேளா?" என்று கேட்டுவிட்டார். உடம்பு சரியில்லாமல் இருந்தது காருக்கு, மாமி. குணமாகிவிட்டது. குணமாக்கிய மனுஷரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கார், அம்பாசடர் மார்க் 4. 1980களில் அப்பா வாங்கியது. நம்பர் பிளேட்டில், 1989இல் கே.எல்.01 வருவதற்கு முன்பு திருவனந்தபுரத்து வண்டிகளுக்கு இருந்த பழைய எழுத்துகள் இருக்கும். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014இல் அம்பாசடர் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். "இன்னும் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறே?" என்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். 1950களில் வாங்கிய பென்ஸை, சி.ஏ.என். 42 என்ற நம்பரோடு, திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 2013இல் மறையும்வரை கைவிடாமல் வைத்திருந்த ஊர் ஐயா இது. ராஜாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

சத்தம் முதலில் வந்தது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிய வாரம். செல்ஃப் அடித்ததும் "கர்ர்ர்ராக்!" இரும்பு டிரம்மில் கருங்கல் ஜல்லியைக் கொட்டினால் எப்படியோ அப்படி. மறுநாள் இல்லை. அதற்கடுத்த நாளும் பரம சாது. நான்காம் நாள் சாலைக் கடைத்தெருவில் ஏத்தம்பழம் வாங்கிக்கொண்டு வந்து அடித்தால், மறுபடி "கர்ர்ர்ராக்!" வாழைக்குலைக் கடைக்காரர் எடைபோடுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். மழை ஈரம் என்று நினைத்தேன். வெயிலடித்த நாளிலும் வந்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். பானெட்டைத் திறக்காமலே, செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே மோட்டாரைக் கழற்றி, முன்பக்கத்துச் சுருளில் தாராளமாக எண்ணெய் விட்டு மாட்டினேன். சத்தம் இன்னும் கூடிப்போனது.

அப்போதுதான் எல்லாரும் ஆசான் என்று கூப்பிடும் மெக்கானிக்கிடம் போனேன். கைமனம் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அவருக்குப் பூர்வீகம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். காரின் பக்கமே அவர் வரவில்லை. "சாரே, நீங்க வண்டியை அடிக்கண்டாம். சத்தம் எப்படீன்னு வாயால சொல்லுங்க" என்றார். மூன்று பையன்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க, நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கர்ர்ர்ராக்" என்றேன். பாட்டு வாத்தியார் சுருதி பிடிப்பதைப்போல ஆசான் கண்ணை மூடினார். "ஒண்ணுகூடி!" இன்னொரு முறை செய்தேன்.

பிறகு அவர் சொன்னதைப் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும்!

"'டிக்'னு ஒத்தைச் சத்தம் வந்து நின்னா, பேட்டரி முனையில பச்சை பூத்திருக்கும். இல்லேன்னா சாலினாய்டு கான்டாக்ட் கரிஞ்சிருக்கும். 'டிக்டிக்டிக்டிக்'னு கோழி கொத்துற மாதிரின்னா பேட்டரியில சீவன் இல்லை. சாலினாய்டு பிடிக்கும், வோல்ட்டு இறங்கும், விட்டுரும், மறுபடி பிடிக்கும். 'ஙீஈஈ'ன்னு மோட்டார் மட்டும் சுத்தி எஞ்சின் அசையலேன்னா, பெண்டிக்ஸ் முன்னால ஓடி வரலை. ஸ்டார்ட் ஆனப்புறம் 'கீச்'சுன்னா ஃபேன் பெல்ட்டு. உங்களுக்குள்ளது 'கர்ர்'. அது பல்லாக்கும் சாரே, பல்லு!"

"எப்பவும் வருதா, சிலப்போ வருதா?" என்று கேட்டார். சிலப்போதான் என்றேன். சிரித்தார். காதிடுக்கிலிருந்து சாக்பீஸ் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பத்து நாள் வீட்டுப்பாடம்! எஞ்சினை அணைக்கும் ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறந்து, கிராங்க் புல்லி எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் வந்தால் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே இன்னொன்று.

குடையைப் பிடித்துக்கொண்டு, அடிபம்பில் தண்ணீர் அடிப்பவனைப்போலக் குனிந்து குனிந்து போட்டேன். பத்தாம் நாள் புல்லியைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. கோடுகள் சுற்றிலும் சிதறவில்லை. எதிரெதிராக இரண்டே இடத்தில் கொத்துக் கொத்தாக! குறுக்குக்கோடுகளில் முக்கால்வாசி அதில் ஒரே கொத்தில்!

காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் சிலிர்க்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது தோன்றிய இடத்தில் நிற்பதில்லை. கடைசியாக ஒரு பிஸ்டன் காற்றை அமுக்க மேலே ஏறும். அந்த அழுத்தமே அதைப் பாதி வழியில் நிறுத்திவிடும். அரைச் சுற்றுக்கு ஒரு பிஸ்டன் இப்படி ஏறுவதால், நிற்கும் இடம் இரண்டே இரண்டு. ஆக, பிளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியரில் செல்ஃப் மோட்டாரின் பல் வந்து மோதுவதும் அந்த இரண்டு இடத்தில்தான். நாற்பது வருடத்துக்குப் பக்கமாக அங்கேயே அடி வாங்கி அந்தப் பற்கள் மழுங்கிவிட்டன. மற்ற பற்களெல்லாம் மாப்பிள்ளைத் தோழர்களைப்போலச் சும்மா கூடவே சுற்றி வந்திருக்கின்றன! மூன்று சிலிண்டர் மாருதி 800 என்றால் இதே கதை மூன்று இடத்தில் நடக்கும்.

ஆசான் அதை என் கண்ணெதிரே நிரூபித்தார். குறுக்குக்கோடு விழுந்த இடத்தில் எஞ்சின் நிற்கும்போது செல்ஃப் அடித்தார்: கர்ர்ர்ராக். டாப் கியரில் போட்டு, பையன்களை விட்டு வண்டியை அரைச் சாண் தள்ளச் சொன்னார். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து அடித்தார். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல எஞ்சின் எழுந்தது! "தள்ளே!" என்று கத்திவிட்டேன். இந்த ஊரில் பிறந்த பலன், வியப்பு வந்தால் வாயில் அதுதான் வருகிறது.

மோட்டாரைக் கழற்றியதும் ஆசானின் முகம் மாறியது. "எண்ணெ விட்டது ஆரு?" தலையைக் குனிந்தேன். நான் எண்ணெய் விட்ட அந்தச் சுருள், அமெரிக்காக்காரர் வின்சென்ட் பெண்டிக்ஸ் கண்டுபிடித்த அமைப்பு. அவர் பெயரே நம் மெக்கானிக்குகளின் வாயில் பொருளின் பெயராகிவிட்டது. தண்டு சடாரென்று சுழலும்போது, சிறு பல்சக்கரம் திருகுச் சுருளில் வழுக்கி ஓடிப்போய் ரிங் கியரைக் கவ்வும். எஞ்சின் உயிர் பெற்று வேகமாகச் சுற்றியதும் அதுவே பின்னுக்குத் தள்ளப்பட்டு வீடு திரும்பும். சுருளில் எண்ணெய் இருந்தால் கிளட்ச் தூசி அதில் ஒட்டிப் பசையாகி, பல்சக்கரம் பாதி வழியில் திணறும். "இதுக்கு மண்ணெண்ணெய்க் குளிதான் சாரே. குளிப்பிச்சு, துடைச்சு, உலர விடணும். எண்ணெ ஒரு துள்ளி கூடாது" என்றார். நான் மருந்து என்று கொடுத்தது விஷம்!

பெண்டிக்ஸ் புதிது ஒன்று போட்டார். ரிங் கியருக்கு மட்டும் புதிது வேண்டாம் என்றுவிட்டார். கியர்பாக்ஸை இறக்கி, பிளைவீலைக் கழற்றி, ரிங் கியரைச் சுற்றிலும் சமமாகச் சூடாக்கித் தட்டி எடுத்தார். மறுபடி மாட்டுவதற்குத் திரும்பச் சூடாக்கினார். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வித்தைதான். சூட்டில் விரியும், ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். ரிங் கியரில் இளநீலம் தட்டும்வரைதான் சூடு காட்ட வேண்டும், அதாவது 300 முதல் 400 டிகிரி வரை. அதைத் தாண்டினால் பல்லின் உறுதி போய்விடும். ஆசானிடம் தெர்மாமீட்டர் கிடையாது. நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சே விடவில்லை. "மதி!" என்று சொல்லி, இடுக்கியால் தூக்கி, பழைய இடத்திலிருந்து சரியாகக் கால் சுற்றுத் தள்ளிப் பிளைவீலில் இறக்கினார். டொக். அவ்வளவுதான்! நாற்பது வருடமாகச் சும்மா சுற்றிய பற்கள் வேலைக்கு வந்துவிட்டன.

1912இல் காடிலாக் காருக்காக சார்லஸ் கெட்டரிங் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறேன். அவர் கைமனத்துக்கு வந்திருந்தால் ஆசானோடு உட்கார்ந்து ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத்தான் போயிருப்பார்!

ஒன்பதாவது முறை அணைத்ததும் பழக்க தோஷத்தில் பானெட்டைத் திறந்தேன். சாக்பீஸ் கோடுகளை நான் அழிக்கவில்லை. புல்லி வந்து நின்றிருந்தது அதே பழைய கொத்தில், குறுக்குக்கோடுகள் அடர்ந்த அதே இடத்தில். எஞ்சின் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே காத்திருக்கும் பல்தான் வேறு. சாவியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பத்தாவது முறை!