இசைச் சுவையும் பொறியின் பரிந்துரையும்

ஒருவர் எவ்விசையைக் கேட்பது என்பதை முற்காலத்தே கோயிலும் அரங்கும், பிற்காலத்தே இசைத்தட்டும் வானொலியும் பெரும்பாலும் வரையறுத்தன. இன்று அப்பணியிற் பெரும்பங்கைக் கணினி ஏற்றுள்ளது. சுவீடன் நாட்டிலே தோன்றி 2008 ஆம் ஆண்டிற் சேவை தொடங்கிய ஸ்பொட்டிஃபை என்னும் நிறுவனம், 2015 இல், திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு நேயருக்கும் அவரவர்க்கெனத் தெரிந்த 30 பாடல்களைப் பட்டியலிட்டு வழங்கத் தலைப்பட்டது. 2021 இல் அச்சேவை இலங்கைக்கும் வந்தது. இத்தகைய பரிந்துரை இசைச் சுவையை விரிக்குமா, சுருக்குமா என்பது ஆராயத்தக்கதாகும்.

பரிந்துரையின் அடிப்படை ஒப்புமையே. ஒரே பாடல்களை விரும்பிய இருவருள் ஒருவர் கேட்டு மற்றவர் கேளாதது யாதோ, அதனை அம்மற்றவர்க்குப் பொறி எடுத்து நீட்டும். பாடலின் ஒலியியல்பும் கணக்கிற் கொள்ளப்படுவதுண்டு. முழுதும் கேட்டல் விருப்பிற்கும், இடையிலே தாண்டிச் செல்லல் வெறுப்பிற்கும் அடையாளமாகும். ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. நாதஸ்வரத்தில் விரியும் ஓர் இராக ஆலாபனை தன் வடிவத்தைச் சிறிது சிறிதாகவே காட்டும். பழகாத செவி அதனை முதல் நிமிடத்திலேயே தள்ளிவிடலாம். அத்தள்ளுதலைப் பொறி தீர்ப்பாகக் கொள்ளுமாயின், மெல்ல இனிக்கும் இசைக்கு மறுவாய்ப்பு அரிதாகும்.

பொறிக்குச் சார்பாகவும் சான்று உண்டு. இணையவழி இசைச் சேவையை ஏற்றோர் முன்னரினும் மிகுதியாகவும், முன்னரினும் பல்வேறு கலைஞரையும் கேட்கலாயினர் என 2018 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஆனால் அப்பயன் பெருங் களஞ்சியம் ஒன்று திறந்துவிடப்பட்டதன் பயனாதலும் கூடும். பரிந்துரையின் பயன் எனத் துணிதல் இயலாது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தாரும் ஸ்பொட்டிஃபை நிறுவனத்தாரும் இணைந்து 2020 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விரண்டையும் பிரித்து நோக்கியது. பொறி வழங்கியவற்றைக் கேட்குமிடத்துப் பன்மை குறைந்தும், நேயர் தாமே தேடிக் கேட்குமிடத்துப் பன்மை மிகுந்தும் காணப்பட்டன. காலப்போக்கிற் சுவை விரிந்தோர், பரிந்துரையைக் குறைத்துத் தம் தேடலைப் பெருக்கியோராயிருந்தனர். பல்வகை இசை கேட்போரே சேவையை விட்டு நீங்காது நிலைப்பவர் என்றும் அவ்வாய்வு கண்டது. எனவே, சுவை சுருங்குதல் வணிகர்க்கும் நன்மையன்று.

அவ்வாறாயின், கற்றோர் தெரிந்தளிப்பதே சாலும் எனச் சிலர் கூறுவர். அதுவும் முற்றும் பொருந்தாது. இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், 1952 இல் அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களைப் பெரிதும் ஒடுக்கிச் சாஸ்திரிய இசைக்கு முதன்மை தந்தார். நேயரோ, கொழும்பிலிருந்து இந்தித் திரைப்பாடல்களை ஒலிபரப்பிய இலங்கை வானொலியின்பாற் சென்றனர். 1957 இல் ‘விவித பாரதி’ தொடங்கப்பட்டபின் அப்பாடல்கள் இந்திய வானொலியில் மீண்டும் உரிய இடம் பெற்றன. திணிக்கப்பட்ட சுவை வேரூன்றாது என்பதற்கு இது தக்க சான்று.

அமைச்சர் நேயரின் விருப்பத்தை மதித்திலர். பொறியோ அவ்விருப்பம் ஒன்றையே மதிக்கின்றது. நல்லாசிரியன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவன். மாணாக்கன் விரும்புவதை அறிந்து, அதனின்றும் அவன் இன்னும் விரும்பாத ஒன்றுக்கு வழிகாட்டி, அதன் அருமை எத்தகையது என்பதற்குக் காரணமும் கூறுவான். பொறி கூறும் காரணமோ, ‘நீர் முன்னர் இதனைக் கேட்டீர்’ என்பதே. அது ஒரே தெருவிற் பல வீடுகளைக் காட்டும். அடுத்த தெருவுக்கு அழைத்துச் செல்வது அரிது.

ஆதலின், பரிந்துரை பாடல்களின் தொகையைப் பெருக்கும். சுவையின் எல்லையைப் பெருக்குதல் கேட்போனின் முயற்சியிலேயே தங்கியுள்ளது. வள்ளுவர் ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை ‘அறிவுடைமை’க்கு முன் நிறுத்தினார். அவர் கருதியது சான்றோர் சொற்கேட்டலாயினும், அம்முறை இசைக்கும் ஏற்புடைத்து. பொறி தருவதைக் கேட்பதோடு அமையாது, அது தாராத ஒன்றையும் நாடிச் சென்று பொறுமையுடன் இருமுறை கேட்கும் வழக்கம் இளைஞரிடையே வளர்தல் வேண்டும். அவ்வழக்கம் உள்ளவனுக்குப் பொறி நல்ல ஏவலாள். இல்லாதவனுக்கு அதுவே தலைவனாகிவிடும்.