கதைக்கு முன்னால் உலகமா?

கற்பனை உலகத்தில் கதை எழுத வருகிறவர்களிடம் இன்று முதலில் சொல்லப்படுவது, உலகத்தை முழுதாக அமைத்துவிட்டுக் கதையைத் தொடங்கு என்பதுதான். வரைபடம், அரச வம்சம், நாணயம், பருவகாலம் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டுமாம். இதற்குச் சாட்சியாகத் தவறாமல் அழைக்கப்படுபவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். அவர் எழுதிய முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், அவர் எதிர்த்தரப்புக்குத்தான் அதிகம் உதவுகிறார். கதை வாங்கிய கடன்களை அடைக்க அடைக்க வளர்ந்தது அவருடைய உலகம்.

1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவலில், குகையில் வாழும் கோல்லம் என்ற பிறவி, ஹாபிட் இனத்து நாயகன் பில்போவோடு நடத்தும் புதிர்ப்போட்டியில் பந்தயமாக வைப்பதே தன் மோதிரத்தைத்தான். தோற்றபின் மோதிரத்தைக் காணாமல் தேடுகிறது. கிடைக்காததால் மன்னிப்புக் கேட்டு, பில்போவுக்கு வெளியேறும் வழியைக் காட்டுகிறது. அப்போது அது மாய மோதிரம், அவ்வளவே. பதிப்பாளர் தொடர்ச்சி கேட்டார். அதுவே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. அதை எழுத எழுத, அணிந்தவரை அடிமையாக்கும் பொருளாக அந்த மோதிரம் மாறியது. அப்படிப்பட்ட ஒன்றைக் கோல்லம் பந்தயம் வைத்திருக்க முடியுமா? 'தி ஹாபிட்' நாவலின் 1951 பதிப்பில், புதிர்ப்போட்டி வரும் ஐந்தாம் அத்தியாயத்தை டோல்கீன் மாற்றி எழுதினார். அதோடு நிற்கவில்லை. முதல் பதிப்பில் இருந்தது பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே கணக்கு நேர் செய்தார். பிழை திருத்தம் ஒரு பாத்திரத்தின் குணமாகவே ஆகிவிட்டது. திட்டமிட்டிருந்தால் இந்த அழகு வாய்த்திருக்காது. தொடர்ச்சியில் அரகார்ன் என்ற பாத்திரம் வந்த கதையும் இப்படித்தான்: பிரீ ஊர்ச் சத்திரத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த அந்த அந்நியர் முதல் வரைவுகளில் மரச்செருப்பு அணிந்த ஒரு ஹாபிட். அவர்தான் அரசர் என்பது எழுதியவருக்கே பிறகுதான் தெரிந்தது.

அவர் இளமையிலேயே எல்ஃப் மொழிகளை உருவாக்கத் தொடங்கவில்லையா, வரைபடத்திலிருந்து தொடங்கியதாக அவரே சொல்லவில்லையா என்று கேட்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் அந்த வரைபடம் செய்த வேலை என்ன? இன்ன தூரத்தை இத்தனை நாளில் நடந்து கடக்க முடியாது என்று அது கதையை மறித்தது. நிலவின் பிறைகள் பொருந்தவேண்டும் என்பதற்காக டோல்கீன் நாள்கணக்கைத் திரும்பத் திரும்ப மாற்றினார். மறிக்கும் பொருளாக வரைபடம் பயன்பட்டது. கதையை அது பெற்றெடுக்கவில்லை.

மாயாஜாலம் இல்லாத கற்பனை ஊர்களில் இது இன்னும் தெளிவு. வில்லியம் ஃபாக்னரின் யோக்னாபடாஃபா மாவட்டத்துக்கு வரைபடம் வந்தது 1936இல், 'அப்சலோம், அப்சலோம்!' நாவலில். அதற்குள் அந்த மண்ணில் பல நாவல்கள் எழுதப்பட்டுவிட்டன; எந்த நாவலின் எந்தச் சம்பவம் எங்கே நடந்தது என்று குறித்துவைத்த பதிவேடு அது. ஆர்.கே. நாராயணுக்கு 1930ஆம் ஆண்டு விஜயதசமியன்று மால்குடி என்ற கற்பனை ஊராகத் தோன்றியது ஒரு ரயில் நிலையம் மட்டுமே. 'சுவாமி அண்டு ஃபிரெண்ட்ஸ்' நாவலில் அந்த நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. 1958இல் வந்த 'தி கைடு' நாவலிலோ, ரயில்பாதை போடப்படுவதே நாயகன் ராஜுவின் சிறுவயது நினைவாகிறது. நிலையத்தில் கடை வைத்துப் பிறகு வழிகாட்டியாகும் ஒருவனுக்கு அந்தக் கடந்தகாலம் தேவைப்பட்டது. ஊர் அதைக் கொடுத்தது.

இங்கிலாந்து எழுத்தாளர் எம். ஜான் ஹாரிசன் எதிர்த்திசையில் நெடுந்தூரம் போகிறார். உலகத்தை அங்குலம் அங்குலமாக விவரிக்கும் வேலையே எழுத்தைக் கொல்கிறது என்பது அவர் வாதம். அவருடைய விரிகோனியம் நகரம் கதைக்குக் கதை உருமாறுகிறது. பட்டியல் போடும் நாவல்களைப் பற்றி அவர் சொல்வது சரி. ஆனால் முரணின்மையை அதனோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. டோல்கீனின் 1951 திருத்தம் வெறும் நுணுக்கவாதியின் பிடிவாதமாக இருந்திருந்தால், அதிலிருந்து கோல்லம் என்ற துயரப்பிறவி கிடைத்திருக்காது. மறுபக்கம், 1959இல் 'தி மேன்ஷன்' நாவலின் முன்குறிப்பில், முந்தைய நூல்களோடு முரண்கள் இருப்பதை ஃபாக்னர் ஒப்புக்கொண்டார். இந்த மனிதர்களை இப்போது இன்னும் நன்றாக அறிவேன் என்பது அவர் தந்த காரணம். ஒருவர் கடனை அடைத்தார், மற்றவர் அறிவித்துவிட்டு நகர்ந்தார். இருவருமே கதை கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

முன்கூட்டிச் செய்த வேலை முழுக்க வீண் என்று சொல்லவரவில்லை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் பின்னால் தெரியும் ஆழம், டோல்கீன் அதற்கு முன்பே எழுதிக் குவித்திருந்த தொன்மங்களிலிருந்து வந்தது. ஆனால் அந்தத் தொன்மங்களையே ஒரு நூலாக்க அவர் வாழ்நாள் முழுதும் முயன்றும் முடியவில்லை. 'தி சில்மரில்லியன்' வெளிவந்தது 1977இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, மகன் கிறிஸ்டோபர் தொகுத்த பிறகுதான்.