மாடியில் திக்கும் படம்

ராமேஸ்வரம் கரையில் டிவியில் படம் திக்கினால் பழி முதலில் வீட்டுக்கு வெளியே போகும். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது, உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி அதைப் பார்த்த ஊர்கள் இவை. படம் புள்ளியடித்தால் காற்றையும் மேகத்தையும் தூரத்தையும் குறை சொன்னார்கள். அன்று அது நியாயமாகவே இருந்தது. பிறகு தூர்தர்ஷன் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரம் ஒன்றை ராமேஸ்வரம் தீவிலேயே நிறுத்தியது.

இன்று கீழறைக் கணினியில் கிடக்கும் கல்யாண வீடியோவை மாடியிலுள்ள பிளேஸ்டேஷன் வழியாக டிவியில் போட்டுப் பார்க்கிறார்கள். அது நின்று நின்று ஓடினால் அதே பழக்கத்தில் ‘நெட்டு சரியில்ல’ என்கிறார்கள். அந்தப் படமோ நெட்டிலிருந்து வரவே இல்லை. கணினியிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கும், வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே போகிறது. இதற்காக 100 மெகாபிட் திட்டத்தை 300-க்கு மாற்றச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம். மாதாமாதம் பணம் போகும், படம் திக்கியபடியே இருக்கும்.

அடுத்தடுத்துச் சொல்லப்படும் யோசனைகளை எடைபோடும் முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். திக்கல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். பெரும்பாலான அறிவுரைகள் சறுக்குவது இங்கேதான்.

பிரித்தறியப் பெண்டிரைவ் போதும். திக்கும் அதே கோப்பை அதில் ஏற்றிக் கன்சோலில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3 ஃபேட்32 முறையில் பார்மேட் செய்த டிரைவை மட்டுமே படிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. பிளேஸ்டேஷன் 4-க்கு அந்தத் தடை இல்லை. பெண்டிரைவிலும் திக்கினால் வைஃபை குற்றமற்றது.

அப்படி வைஃபை விடுதலையாகும் வழக்கு நான் நினைத்ததைவிட அதிகம். காரணம் பிரேம் கணக்கு. நம்மூர்க் கல்யாண வீடியோக்கள் வழக்கமாக நொடிக்கு 25 பிரேம்களில் எடுக்கப்படுகின்றன. கன்சோல் டிவிக்கு நொடிக்கு 60 முறை படம் அனுப்புகிறது. 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. பாதி பிரேமைக் காட்ட முடியாதே, அதனால் ஒரு பிரேம் இரண்டு முறையும் வேறொன்று மூன்று முறையுமாகத் திரையில் நிற்கிறது. மணமக்கள் அசையாமல் நிற்கும்போது தெரியாது. ஊர்வலத்தில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் நொண்டும், ஆனால் நாதஸ்வரம் அறுபடாமல் வரும். இதுதான் அடையாளம். இதற்கு எந்த ரவுட்டரும் கேபிளும் உதவாது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 50 ஹெர்ட்ஸை அனுமதிக்கும் அமைப்பு உண்டு, அதைப் போட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் இந்த வகை வீடியோவுக்குக் கன்சோலை விட்டுவிட்டு டிவியின் சொந்த யுஎஸ்பி துளையிலேயே செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெண்டிரைவில் நன்றாக ஓடி, கணினியிலிருந்து வரும்போது மட்டும் திக்கினால் சந்தேகம் இரண்டு பேர் மேல்: கணினியின் பிராசஸர், வீட்டு வைஃபை.

பிராசஸருக்கு வேலை வருவது கன்சோல்களின் பிடிவாதத்தால். பிளேஸ்டேஷன் 3-க்கு எம்கேவி கோப்பு தெரியாது. பிளேஸ்டேஷன் 4-க்கு எச்.265 முறையில் சுருக்கிய படம் தெரியாது. யுனிவர்சல் மீடியா சர்வர், பிளெக்ஸ் போன்ற மென்பொருள்கள் கன்சோலுக்குப் புரியாத கோப்பை ஓடும்போதே மாற்றி மாற்றி அனுப்புகின்றன. வசன எழுத்துகளைப் படத்தின் மேல் பதித்து அனுப்பச் சொன்னால் அதற்கும் முழுப் படத்தையே மாற்ற வேண்டும். நொடிக்கு 25 பிரேம் தேவைப்படும் இடத்தில் கணினி 18 பிரேம்தான் தயாரித்தால், மீதி 7-ஐ எந்தக் கம்பியும் கொண்டுவராது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள், பிராசஸர் 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் குற்றவாளி அதுவே. கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு அப்புறம் திக்கினால் சூட்டையும் சந்தேகப்பட வேண்டும். மெத்தையில் வைத்த பழைய லேப்டாப், புழுதி அடைத்த விசிறி, ராமநாதபுரத்துச் சித்திரை வெயில் மூன்றும் சேர்ந்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கேதான் மிகப் பரவலான ஒரு யோசனையை மறுக்க வேண்டியிருக்கிறது. ‘சர்வரில் தரத்தை 4 மெகாபிட்டுக்குக் குறைத்து விடு’ என்பார்கள். வைஃபை சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் கன்சோல் அப்படியே வாங்கி ஓட்டக்கூடிய கோப்புக்கு இப்படி வரம்பு வைத்தால், இதுவரை சும்மா இருந்த பிராசஸர் முழுப் படத்தையும் புதிதாக மாற்றத் தொடங்கும். புதிய கணினியில் இது தாங்கும். படத்தை மாற்றும் வேலைக்கான இன்டெலின் குவிக் சிங்க் வசதி வந்த 2011-க்கு முந்தைய கணினியில் ஒரு திக்கலைக் கொடுத்து இன்னொரு திக்கலை வாங்கியது போலாகும்.

கோப்பை முன்கூட்டியே மாற்றி வைத்துவிடுவதே இதற்குச் சரி. எம்கேவிக்குள் இருப்பது எச்.264 படமாக இருந்தால் உறையை மட்டும் எம்பி4 ஆக்கலாம். சில நிமிட வேலை, தரம் துளியும் குறையாது. எச்.265 என்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். கொஞ்சம் தரம் போகும், எனவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் கணினியிலிருந்து படம் வாங்கும் வசதி பிளேஸ்டேஷன் 3-ல் இருந்தது. 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது காணாமல் போனது. 2015-ல் மீடியா பிளேயர் செயலியாகத் திரும்பி வந்தது. 2020-ல் பிளேஸ்டேஷன் 5-ல் மறுபடி இல்லை, பிளெக்ஸ் போன்ற செயலியை நாட வேண்டும். முந்தைய பெட்டியில் இருந்த ஒன்றை இப்படி எடுத்தும் கொடுத்தும் விளையாடியதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி வைஃபை. இரண்டு மணி நேரப் படம் 4 ஜிபி என்றால் நொடிக்குச் சராசரி 4.4 மெகாபிட்தான், ஓரளவு ஒழுங்கான எந்த வைஃபையும் தாங்கும். கல்யாண வீடியோ வேறு ரகம். ஏவிசிஎச்டி முறையில் 1080/50பி படம் நொடிக்கு 28 மெகாபிட் வரை போகும், எக்ஸ்ஏவிசி எஸ் முறையில் 50 வரை. 28 மெகாபிட்டிலேயே ஒரு மணி நேரத்துக்கு 12 ஜிபிக்கு மேல். பிளேஸ்டேஷன் 3-ன் வைஃபை பெட்டியில் 54 மெகாபிட் என்று போட்டிருந்தாலும் கைக்கு வருவது 20-25. அதிலும் கணினியும் கன்சோலும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒரே படம் ஒரே அலைவரிசையில் இருமுறை பறக்கிறது, வேகம் பாதியாகிறது. இடையில் கம்பி போட்ட கான்கிரீட் தளம் வேறு.

புது ரவுட்டர் வாங்கலாமா? கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் சபுராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள்) விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த கன்சோல் எது என்று முதலில் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3-ம், பிளேஸ்டேஷன் 4-ன் முதல் வடிவமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. எவ்வளவு விலையுயர்ந்த 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் வாங்கினாலும் அவற்றுக்கு அது இல்லாத மாதிரிதான். 2016-ல் வந்த ஸ்லிம், புரோ வகைகளுக்குப் பயன் உண்டு, அதுவும் ரவுட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால். ரிப்பீட்டர் வாங்குவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சாதாரண ரிப்பீட்டர் வாங்கியதையே மறுபடி அதே அலைவரிசையில் சொல்வதால் சிக்னல் கோடுகள் நிறையக் காட்டும், வேகம் குறையும். மின்கம்பி வழியே தரவு அனுப்பும் பவர்லைன் அடாப்டர் மும்முனை இணைப்பும் தனி இன்வெர்ட்டர் லைனும் உள்ள பெரிய வீடுகளில் நம்பத்தக்கதல்ல.

மிஞ்சுவது லேன் கேபிள். பிளேஸ்டேஷன் 3 முதல் எல்லா வகையிலும் கிகாபிட் துளை இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360-ல் இருப்பது 100 மெகாபிட்தான், அதிலும் 90-க்கு மேல் நிஜமாகக் கிடைக்கும். 28 மெகாபிட் படத்துக்கு இது மூன்று மடங்கு.

இந்தக் கரையில் கேபிளுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது: உப்புக்காற்று. பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி துருவேறி 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. உலோகங்களைக் கடல் எப்படித் தின்கிறது என்று பார்க்கவே காரைக்குடியிலுள்ள சிக்ரி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் ஊரில் ஆய்வுக் களம் வைத்திருக்கிறது. இரும்பையே விடாத காற்று, லேன் பிளக்கின் மெல்லிய தங்கப்பூச்சுக்கு அடியிலுள்ள செம்பை விடுமா? விடாது. பிளக் பச்சை பிடிக்கும். கிகாபிட்டுக்கு எட்டு இழைகளும் வேண்டும், ஒன்று கெட்டாலும் இணைப்பு 100-க்கு இறங்கும் அல்லது அறுந்தே போகும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 100-க்கு இறங்கினாலும் நம் படத்துக்கு அது தாராளம். இணைப்பே அறுந்தால் நுனியை வெட்டிப் புதுப் பிளக்கைக் கிரிம்ப் செய்ய ஆகும் செலவு ஒரு டீ, வடைக்கு மேல் பெரிதாகப் போகாது. வைஃபை பெட்டியும் அதே உப்புக்காற்றில்தான் நிற்கிறது, அது போனால் பெட்டியே போயிற்று. ஆக, அரிப்பு வாதம் கேபிளைத் தோற்கடிக்கவில்லை. அதை எங்கே, எப்படி இழுப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. கடலைப் பார்த்த வெளிச்சுவரில் விடாமல், வீட்டுக்குள் பிவிசி குழாயில் விட வேண்டும்.

என் தீர்ப்பு இது: முதலில் பெண்டிரைவ் சோதனை, அடுத்து கோப்பைக் கன்சோலுக்குப் புரியும் வகைக்கு மாற்றுவது, அதற்குப் பிறகும் திக்கினால் கேபிள். முதல் இரண்டுக்கும் செலவே இல்லை. சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடாத வாடகை வீட்டில் இருப்பவர்கள் கணினியையாவது ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பியால் இணைத்துவிடுங்கள். இருமுறை பறப்பது ஒருமுறையாகும், பல வீடுகளில் அதுவே போதும்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நுனியைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.