செத்ததாக எழுதப்பட்டவர்கள்

‘ஸ்டார் வார்ஸ்’ கதைகளில் சூபாக்கா என்றொருவன். விண்கப்பல் ஓட்டுகிற சடைமயிர்க்காரன். 1999இல் வந்த ‘வெக்டர் பிரைம்’ நாவலில் செத்துப்போனான். 2015 படத்தில் உயிரோடு வருகிறான். இடையில் நடந்தது ஒரு வியாபாரம். 2012இல் லூகாஸ்பிலிம் கம்பெனியை டிஸ்னி வாங்கியது. அதுவரை வந்த நாவல்களும் படக்கதைகளும் இனி ‘லெஜண்ட்ஸ்’, கணக்கில் சேராது என்று 2014 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. காசு கொடுத்துப் படித்து வளர்ந்தவன் கொதித்துப்போனான். எது நடந்தது, எது நடக்கலைன்னு சொல்ல நீ யாரு?

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சண்டை என்று இதைத் தள்ள முடியவில்லை. அதிகாரப் பிரதி எப்படி உண்டாகிறது என்பது அங்கே பச்சையாகத் தெரிகிறது. பத்திரம் யார் கையிலோ அவன் சொல்வதே கதை. சரி, பத்திரமே இல்லாத வாய்வழிக் கதைக்கு என்ன ஆகிறது? அதற்குச் சவ்வாது மலைக்கு வரவேண்டும்.

இங்குள்ள மலையாளி மக்களின் பூர்வகதை வடஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஏறியது. 1909இல் தர்ஸ்டன் தம் தொகுதியில் எடுத்துப் போட்டார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கிறார்கள். ஏளனமாக மறுக்கப்படவே, ஏழு பெண்களைத் தூக்கிப்போகிறார்கள். ஏழு ஆம்பளைகள் ஏழு நாயோடு தேடிக் கிளம்புகிறார்கள். நாய் மட்டும் திரும்பி வந்தா நாங்க செத்தோம்னு கருமாதி பண்ணிடுங்க என்று பெண்டாட்டிகளிடம் சொல்லிவிட்டு. பாலாற்றில் வெள்ளம், நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்றுவிட்டு இவர்கள் ஊர் வந்தால் கருமாதி முடிஞ்சாச்சு, தாலி அறுத்தாச்சு. ஊர் சேர்க்கவில்லை. வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள்.

ஆள் உயிரோடு எதிரே நிற்கிறான். ஆனாலும் சடங்கு சொன்னதுதான் நிஜம். சூபாக்கா கதையின் தலைகீழ். சாதி எப்படி ஆளைச் சாகடிக்கும் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கதை எனக்குத் தெரியாது.

ஆனால் அச்சேறிய இந்தப் பிரதியில் அந்த வேடப் பெண்களுக்கு ஒரு பேச்சும் இல்லை. தங்கள் ஆட்களைக் கொன்றவர்களோடு குடும்பம் நடத்தியவர்கள். கதைப்படி மலையில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தாய். வம்சமோ தகப்பன்வழிக் காஞ்சிபுரத்தையே பிடித்துக்கொள்கிறது. எழுதிய துரைக்கும் அதுவே போதுமாக இருந்தது. சேலத்துப் பக்கம் கதை வேறு: காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்தார்களாம். இரண்டில் எது மூலம் என்பது கம்பெனிக்காரன் கேள்வி. இரண்டும் கிடக்கட்டும், வேடச்சி சொல்கிற மூன்றாவதைத் தேடுங்கள்.

கம்பெனியைவிடப் பெரிய பிரதி சர்க்கார் பட்டியல். 1976 திருத்தத்தில் மலையாளி என்ற பேரோடு தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சி மாவட்டங்கள் வந்தன. அன்றைய கோவை மாவட்டம் வரவில்லை. அதிலிருந்துதான் பிறகு ஈரோடு மாவட்டம் பிரிந்தது. ஆக, சவ்வாது மலையில் பழங்குடி. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் அதே மலையாளி பட்டியலுக்கு வெளியே. படத்தில் இப்படி ஒரு தொடர்ச்சிப் பிழை வந்தால் ரசிகன் கூச்சல் போடுவான், அடுத்த பாகத்தில் சரிபண்ணிவிடுவார்கள். பர்கூர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாக மனுக் கொடுத்தார்கள். சான்றிதழுக்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.