ஒரே பழம், ஐந்து வயது

செப்டம்பர் கடைசி வாரம். வட ஸ்பெயினில் ரியோஹா வட்டாரத்தின் தலைநகரான லோக்ரோன்யோவிலிருந்து காலையில் கிளம்பிய சிற்றுந்து, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு மண்பாதையில் போய் நிற்கிறது. பன்னிரண்டு பேர் இறங்குகிறார்கள். இலைகளில் பனி இன்னும் காயவில்லை. ஒயின் சுற்றுலா என்றால் வரிசையாகக் கோப்பைகளை வைத்து ஊற்றித் தருவார்கள் என்ற நினைப்பில்தான் பலரும் வந்திருக்கிறார்கள். நல்ல வழிகாட்டி அப்படித் தொடங்குவதில்லை. ஒரு குலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்து, ஆளுக்கொரு பழத்தைக் கிள்ளித் தருகிறார். சாற்றை விழுங்கிவிட்டுத் தோலைத் தனியாக மெல்லச் சொல்கிறார். விதையைத் துப்பாமல் கடிக்கச் சொல்கிறார்.

அறுவடைக் காலத்துப் பயணத்தை ரசிக்கும் வழி அந்த ஒரு பழத்திலேயே இருக்கிறது. மற்ற மாதங்களில் போகிறவருக்குக் கிடைப்பது செய்து முடித்த ஒயின் மட்டுமே. செப்டம்பரிலும் அக்டோபரிலும் போகிறவர், கொடியில் பழமாகவும், தொட்டியில் சாறாகவும், நுரைத்துக் கொதிக்கும் நொதியாகவும், பீப்பாயில் உறங்கும் இளம் ஒயினாகவும், புட்டியில் முதிர்ந்த ஒயினாகவும் ஒரே பொருளை ஒரே நாளில் ருசிக்க முடியும். ஐந்து வயதும் ஒரே வீட்டில் இருக்கும் காலம் அது. கோப்பைகளை எண்ணிக்கொண்டிருப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார்.

தமிழர்களுக்குப் பழகிய திராட்சை கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. அதுவும் ஐரோப்பியத் திராட்சை இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வளர்ப்பு வேறு. கம்பத்தில் கொடி பந்தலில் படர்ந்து தலைக்கு மேல் தொங்கும். ரியோஹாவின் பழைய தோட்டங்களிலோ பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. குட்டையான முறுக்கேறிய அடிமரம். அதிலிருந்து விரித்த விரல்கள்போல நாலைந்து கிளைகள். குலைகள் முழங்கால் உயரத்தில். முதன்மையான ரகம் டெம்ப்ரானியோ. ஸ்பானிய மொழியில் முந்தியது, சீக்கிரம் வந்தது என்று பொருள்படும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. மற்றச் சிவப்பு ரகங்களுக்கு முன்பே பழுத்துவிடும்.

பழத்தைப் பிதுக்கிப் பார்த்தால் முதல் வியப்பு கிடைக்கும். கருநீலப் பழத்தின் சாறு ஏறக்குறைய நிறமற்றது. நிறம் முழுதும் தோலில் இருக்கிறது. சிவப்பு ஒயின் சிவப்பாக இருப்பதற்குக் காரணம், சாறு பல நாட்கள் தோலோடு ஊறுவதுதான்.

இரண்டாவது பாடம் துவர்ப்பு. ஆங்கிலத்தில் டானின் என்ற சொல்லைக் கேட்டு மேலைநாட்டுப் பயணிகள் குழம்புவதுண்டு. அது சுவையா, உணர்வா என்று வழிகாட்டி விளக்க வேண்டியிருக்கும். தமிழ் நாக்குக்கு அந்தச் சிரமம் இல்லை. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி இது. நாவற்பழம், வாழைப்பூ, கடுக்காய், பால் விடாத கட்டித் தேநீர் எல்லாம் நாக்கை எப்படி இழுத்துப் பிடிக்கும் என்பது தமிழ் வாசகருக்குத் தெரியும். திராட்சைத் தோலையும் விதையையும் மெல்லும்போது வருவது அதே இழுவைதான். விதை பச்சையாக இருந்தால் கசப்பும் முரட்டுத் துவர்ப்பும் ஏறும். பழுப்பு நிறமாகி, கடித்தால் வறுத்த கடலைபோல நொறுங்கினால், பழம் வெட்டத் தயார். சர்க்கரை அளவைக் காட்டும் கருவி கையில் இருந்தாலும், தோட்டக்காரர்கள் இன்றும் இந்த விதைச் சோதனையைச் செய்கிறார்கள். முதல் நாள் காலையில் இந்தத் துவர்ப்பை மனத்தில் குறித்துக்கொள்வது நல்லது. பயணம் முழுக்க அது வேறு வேறு முகத்தோடு திரும்பி வரும்.

எப்போது போவது என்பதற்கு ஒரே தேதி கிடையாது. எப்ரோ ஆற்றை ஒட்டி நீளும் ரியோஹாவில் கிழக்குப் பகுதி தாழ்வானது, வெயில் மிகுந்தது. அங்கே வெட்டு முதலில் தொடங்கும். மேற்கே உயரம் கூடக்கூடப் பழுப்பது தாமதமாகும். சில மேட்டுத் தோட்டங்களில் அக்டோபர் பிற்பாதி வரை குலைகள் காத்திருக்கும். வடக்கே சுவர்போல நிற்கும் கான்டாப்ரியா மலைத்தொடர் அட்லான்டிக்கின் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மேகம் குவிந்திருக்க, இந்தப் பக்கம் வெயில் அடிப்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். லாகுவார்தியா ஊரின் மதிலில் நின்று பார்ப்பது இன்னும் சிறப்பு.

பல குழுப் பயணங்களில் அரைமணி நேரம் பழம் வெட்டவும் வாய்ப்புத் தருவார்கள். கோர்கேத்தே என்ற சிறிய வளைந்த கத்தி; கதிரறுவாளின் குழந்தை என்று சொல்லலாம். இடது கையால் குலையைத் தாங்கி, காம்பைக் கத்தியால் இழுத்தால் போதும். பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கும், விரல்கள் சர்க்கரையால் ஒட்டிக்கொள்ளும், குளவிகள் வந்து சேரும். பக்கத்து வரிசையில் நாள் முழுக்கக் குனிந்து வெட்டுகிறவர்கள் ஸ்பெயினின் தெற்கிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் பருவ வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் வேகத்தையும், கெட்ட பழத்தை மட்டும் ஒரே சுண்டலில் தட்டிவிடும் நேர்த்தியையும் நின்று கவனிக்க வேண்டும். அனுமதி கேட்காமல் அவர்களைப் படம் எடுப்பது சரியல்ல. கோப்பைக்குப் போகும் உழைப்பில் மிகக் கடினமான பகுதி அவர்களுடையது.

வெட்டிய பழம் எடைமேடைக்குப் போகிறது. சுற்றுலாக்காரர்கள் வழக்கமாகக் கடந்துபோய்விடும் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்பது பலன் தரும். ரியோஹாவில் சிவப்பு ரகங்களுக்கு ஒரு ஹெக்டேருக்கு 6,500 கிலோ என்பது அடிப்படை வரம்பு. அதற்கு மேல் விளைந்தாலும் அது ரியோஹா என்ற பெயரில் ஒயினாக முடியாது. 100 கிலோ பழத்திலிருந்து ஏறக்குறைய 70 லிட்டர் ஒயின் எடுக்கலாம் என்று வைத்தால், ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 6,000 புட்டிகள். கொடி நிறையக் காய்த்தால் சாறு நீர்த்துப்போகும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. 1925இல் தொடங்கிய பெயர்ப் பாதுகாப்பு 1991இல் ஸ்பெயினின் மிக உயர்ந்த தகுதியாக உயர்ந்தது. அந்தத் தகுதியை முதலில் பெற்ற வட்டாரமும் ரியோஹாவே.

இனி இரண்டாவது வயது. நசுக்கிய பழத்தின் புதுச்சாற்றை ஒரு சிறு கோப்பையில் தருவார்கள். தித்திப்பு தொண்டையைப் பிடிக்கும். 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் வேண்டுமென்றால் சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 220 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். பாயசத்தின் இனிப்போடு அது போட்டி போடும். கூடவே ஒரு கூரான புளிப்பும் இருக்கும். அந்தப் புளிப்பைத் தேடிப் பிடிப்பதுதான் இங்கே செய்ய வேண்டியது. புளிப்பு இல்லாத சாறு பின்னாளில் உயிரில்லாத ஒயினாகும்.

மூன்றாவது வயதை நாக்குக்கு முன்பே காது கண்டுகொள்ளும். நொதிக்கும் தொட்டியின் அருகே போனால் மெல்லிய சீறல் கேட்கும். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. தோல்களெல்லாம் மேலே எழும்பித் தடித்த தொப்பிபோல மிதக்கின்றன. அடியிலிருந்து சாற்றை இறைத்து அந்தத் தொப்பியின்மேல் ஊற்றி நனைக்கும் காட்சி அறுவடைக் காலத்தில் மட்டுமே காணக் கிடைப்பது. ஊற்றும்போது எழும் மணம், புளித்த மாவும் நாவற்பழமும் கலந்ததுபோல இருக்கும். தொட்டிக்குள் தலையை நீட்டக் கூடாது. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி மூச்சை அடைத்துவிடும். வழிகாட்டி விலகி நிற்கச் சொன்னால் உடனே விலக வேண்டும்.

ரியோஹா அலவேசா பகுதியின் சிறு குடும்பக் கூடங்களில் இன்னொரு முறையும் உண்டு. பழத்தை நசுக்காமல், காம்போடு முழுக் குலைகளாகவே தொட்டியில் கொட்டிவிடுவார்கள். பழத்துக்குள்ளேயே நொதிப்புத் தொடங்கும். அதில் பிறக்கும் இளம் ஒயின் துவர்ப்பு குறைந்து, வாழைப்பழமும் ஸ்ட்ராபெரியும் கலந்த வாசனையோடு இருக்கும். மரத்தின் தீண்டலே இல்லாத இந்த ஒயினைப் பெரிய பெயர்களைத் தேடிப் போகிறவர்கள் பொருட்படுத்துவதில்லை. அது பெரிய இழப்பு. அந்த ஊர்க்காரர்கள் தினமும் மேசையில் வைக்கும் ஒயின் இதுதான்.

நொதிப்பு முடிந்தபின் நடக்கும் ஒரு மாற்றத்தைத் தமிழில் சொல்வது எளிது: மாங்காய்ப் புளிப்பு தயிர்ப் புளிப்பாகிறது. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் ஒயின் மென்மையாகிறது, நாக்கில் குத்துவது நிற்கிறது.

பீப்பாய்க்குப் போகுமுன் ஆரோ என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். 1860களில் இங்கே ரயில் வந்தது. அதே காலத்தில் பிரான்ஸின் கொடிகளை ஃபிலாக்ஸரா என்ற வேர்ப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. சரக்கில்லாமல் தவித்த போர்தோ வணிகர்கள் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். தங்கள் 225 லிட்டர் ஓக் பீப்பாயின் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ரயில் நிலையத்தைச் சுற்றியே ஒயின் கூடங்கள் முளைத்தன: 1877இல் லோபெஸ் தெ எரேதியா, 1879இல் குனே, 1890இல் லா ரியோஹா ஆல்டா. 1899இல் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்கள் மீண்டன. இன்றும் இந்தக் கூடங்களை ஒரே மாலையில் நடந்தே பார்த்துவிடலாம்.

லோபெஸ் தெ எரேதியாவின் நிலவறையில் சுவரெல்லாம் பூஞ்சைக் கருமை, விட்டமெல்லாம் ஒட்டடை. சுத்தம் செய்யாமல் விட்டதல்ல அது. தக்கையைத் தின்னும் பூச்சிகளைச் சிலந்திகள் பிடிக்கட்டும் என்று விட்டுவைத்தது. பீப்பாய்களைத் தங்கள் தச்சுக்கூடத்திலேயே செய்துகொள்கிறார்கள். ஒரு பீப்பாயிலிருந்து அடுத்ததற்கு ஒயினை மாற்றி மண்டியைப் பிரிப்பது நிலவறை வேலைகளில் முக்கியமானது. கண்ணாடியில் வழியும் ஒயினுக்குப் பின்னே மெழுகுவத்தியைப் பிடித்து, கலங்கல் வரும் கணத்தில் நிறுத்துவது பழைய முறை. தமிழில் தேறல் என்ற பழஞ்சொல்லுக்கு இதுவே பொருள், தெளிந்தது. புறநானூற்றில் நக்கீரர் பாடிய ஒரு பாட்டில் யவனர் கொண்டுவந்த தேறல் வருகிறது. தெளிவை வைத்தே மதுவுக்குப் பெயரிட்ட மொழிக்காரர்கள் அந்த மெழுகுவத்திச் சுடரின் முன் சற்றுக் கூடுதலாக நிற்கலாம்.

பீப்பாயிலிருந்து நேராக எடுத்துத் தரும் ஒயின் நான்காவது வயது. காலையில் மென்ற தோலின் துவர்ப்பு இங்கே உரக்கக் கேட்கும், அதன்மேல் மரத்தின் குரலும் சேரும். ரியோஹாவில் அமெரிக்க ஓக் நெடுநாள் வழக்கம். வனிலா, தேங்காய், கிராம்பு வாசனைகள் அதிலிருந்து வருபவை. இந்த வயதில் ஒயின் இனிமையாக இருக்காது. அதைக் குறை என்று எண்ண வேண்டியதில்லை.

ஐந்தாவதாக, முதிர்ந்த புட்டி. கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு, ரிசர்வா மூன்று, கிரான் ரிசர்வா ஐந்து. முதல் இரண்டும் பீப்பாயில் ஓராண்டுக்கும், மூன்றாவது ஈராண்டுக்கும் குறையாமல் இருந்திருக்க வேண்டும். கோப்பையைக் காம்பில் பிடித்து, வெள்ளைத் துணிமேல் சாய்த்து விளிம்பைப் பார்க்க வேண்டும். இளம் ஒயினின் விளிம்பு ஊதா. முதிர்ந்ததற்குச் செங்கல் நிறம். முதலில் சுழற்றாமல் முகர்ந்து, பிறகு சுழற்றி முகர்ந்தால் இரண்டு வேறு மணங்கள் கிடைக்கும். பழ வாசனை பின்வாங்கி, காய்ந்த இலை, புகையிலை, பழைய தோல்பை, காளான் என்று ஒவ்வொன்றாக எழும். காலையில் நாக்கை இழுத்துப் பிடித்த அதே துவர்ப்பு இப்போது பட்டுத்துணிபோல நழுவிப் போகும். அந்த இரண்டையும் ஒரே நாளில் உணர்ந்தவருக்கு ஐந்து ஆண்டு என்பது என்னவென்று நாக்கிலேயே புரியும்.

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்சியேகோவில் மார்கேஸ் தெ ரிஸ்கால் கூடத்தின்மேல் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி எழுப்பி 2006இல் திறந்த டைட்டானியம் அலைகள், லாகுவார்தியா அருகே சந்தியாகோ கலத்ராவா கட்டிய இசியோஸ் ஒயின் கூடத்தின் மலைத்தொடர் போன்ற கூரை இரண்டும் அழகு. படம் எடுக்க அரைமணி போதும். அவற்றைவிட லாகுவார்தியாவின் பழைய வீடுகளுக்கு அடியில் குடைந்த நிலவறைகளுக்கு அதிக நேரம் ஒதுக்கலாம். தெருவுக்குக் கீழே வெற்றிடம் என்பதால் மதிலுக்குள் கார்களை விடுவதில்லை. ஊரே காலடி ஓசையோடு இருக்கும்.

குழுவாகப் போவதால் ஒரு தனி லாபம் உண்டு. பன்னிரண்டு மூக்குகள் ஒரே ஒயினில் பன்னிரண்டு வாசனை சொல்லும். வழிகாட்டி வாய் திறக்குமுன் தனக்குத் தோன்றியதை ஒவ்வொருவரும் தன் மொழியில் குறித்துக்கொள்ள வேண்டும்; செர்ரியை அறியாதவர் களாக்காய் என்று எழுதினால் அது தவறில்லை. துப்புவதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். அதில் அவமதிப்பு எதுவுமில்லை, ஒயின் செய்கிறவர்களே அப்படித்தான் ருசிக்கிறார்கள். மூன்றாவது கூடத்தில் நாக்கு விழித்திருக்க வேண்டுமானால் வேறு வழி இல்லை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருவது மட்டும் மற்ற பதினொரு பேருக்கும் செய்யும் தீங்கு.

மதிய உணவுக்கு, குளிர்காலக் கவாத்தில் வெட்டிக் கட்டிவைத்த கொடிக்குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டியின் விலாத்துண்டுகளைச் சுடுவார்கள். கறி உண்ணாதவர்களுக்கு வாட்டிய குடமிளகாயும் உள்ளூர் வெள்ளைப் பூண்டு மணக்கும் காளானும் உண்டு. செப்டம்பர் 21ஐ ஒட்டிப் போகிறவர்கள் லோக்ரோன்யோவின் சான் மத்தேயோ திருவிழாவையும் காணலாம். நகரின் நடுவே வெறுங்காலால் திராட்சையை மிதித்து, முதல் சாற்றை வல்வனேரா மாதாவுக்குப் படைக்கிறார்கள்.

கடைசி நாள் காலையில் சிற்றுந்து, முதலில் நின்ற தோட்டத்தின் வழியாகவே திரும்புகிறது. வெட்டு முடிந்துவிட்டது. இலைகளின் ஓரத்தில் சிவப்பு ஏறியிருக்கிறது. வெட்டியவர்கள் வேண்டுமென்றே விட்டுப்போன சிறு குலைகள் கொடியின் நுனியில் அங்கங்கே தொங்குகின்றன. யாரும் சொல்லாமலே ஒருவர் ஒரு பழத்தைப் பறித்துத் தோலை மெல்கிறார், விதையைக் கடிக்கிறார், பிறகு உள்ளங்கையில் துப்பிப் பார்க்கிறார். விதை இன்னும் பச்சை.