பதினோரு மில்லி நொடியும் ஒரு புதிய கார்டும்

மெய்நிகர் கேம் ஆடுபவர்கள் கூடும் இடங்களில் எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: கிராபிக்ஸ் கார்டை மாற்று. தலை சுற்றுகிறதா, படம் மங்கலாகத் தெரிகிறதா, கை அசைத்தால் பின்னால் இழுபடுகிறதா, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். சில நேரம் அது முழுக்கச் சரி. பல நேரம் வீண்செலவு. எப்போது சரி, எப்போது வீண் என்று பிரித்துப் பார்க்காமலே, வீட்டில் கேட்டு வாங்கிய பணத்தையும் மாதக்கணக்கான சேமிப்பையும் இளைஞர்கள் ஒரு கார்டில் கொட்டுவது வருத்தம் தருகிறது.

முதலில் அந்தப் பதிலுக்குரிய நியாயத்தைப் பார்ப்போம். மேசைத் திரையில் ஆடும்போது ஒரு ஃப்ரேம் தாமதமானால் காட்சி கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான். ஹெட்செட்டுக்குள் நிலைமை வேறு. தலை திரும்பிவிட்டது என்கிறது உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு. கண்முன் இருக்கும் உலகமோ இன்னும் திரும்பவில்லை. இந்த முரண் குமட்டலாக வெளிப்படுகிறது. தலை அசைவதற்கும் அந்த அசைவு திரையில் தெரிவதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் ஒரு ஃப்ரேமை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 11.1 மில்லி நொடி. 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3. வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட்டை அதன் உச்சமான 144 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 6.9.

வரைய வேண்டிய அளவும் பெரிது. சாதாரண முழு ஹெச்டி திரையில் நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஏறத்தாழ 12 கோடி பிக்சல்கள். 2016-இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்ட், ஹெச்டிசி வைவ் இரண்டிலும் கண்ணுக்கு 1080க்கு 1200 பிக்சல், 90 ஹெர்ட்ஸ். நொடிக்கு 23 கோடிக்கு மேல். லென்ஸ் படத்தை வளைக்கிறது. அதை ஈடுகட்ட, திரையில் உள்ளதைவிட நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய 1.4 மடங்கு பெரிதாகப் படத்தை வரைந்து பிறகு சுருக்குகிறார்கள். அப்படியானால் கணக்கு 45 கோடியைத் தாண்டுகிறது. அன்று ரிஃப்டுக்கு ஜிடிஎக்ஸ் 970 கார்டு வேண்டும் என்று அறிவித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். கணக்கைப் பார்த்தால் அது மிகையான கோரிக்கை அல்ல. பழைய கார்டை வைத்துக்கொண்டு இந்த உலகத்துக்குள் நுழைபவருக்குப் புது கார்டு தரும் வேறுபாடு, மேசைத் திரையில் ஆடுபவர் காணவே முடியாத அளவுக்குப் பெரியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மேசைத் திரையில் 20 சதவீதம் வேகமான கார்டு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல் ஃப்ரேம் தரும். கொடுத்த பணத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்று நேராகப் பார்த்துவிடலாம். ஹெட்செட்டுக்குள் இந்தக் கணக்கு செல்லாது. 90 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 12 மில்லி நொடியில் தயாரானால் அது 11.1 என்ற கெடுவைத் தவறவிட்டது. 10 மில்லி நொடியில் தயாரானால் பிடித்துவிட்டது. 6-இல் முடித்தாலும் பலன் அதேதான், மீதி நேரம் கார்டு சும்மா இருக்கும். கெடு தவறும்போது மென்பொருள் முந்தைய ஃப்ரேமை எடுத்துத் தலை திரும்பிய அளவுக்கு நகர்த்திக் காட்டுகிறது. தவறுவது தொடர்ந்தால், ஓக்குலஸ் 2016-இன் இறுதியில் கொண்டுவந்த ஸ்பேஸ்வார்ப் போன்ற உத்திகள் கேமை நொடிக்கு 45 ஃப்ரேமுக்கு இறக்கி, இடையில் வரும் ஃப்ரேம்களை ஊகித்து நிரப்புகின்றன. தூரத்து மலை அப்போதும் சரியாகவே தெரியும். கைக்கு அருகே வேகமாக நகரும் வாளும் கம்பியும்தான் விளிம்பில் கலங்கி நெளியும்.

ஆகவே 20 சதவீத வேகம் ஒருவருக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடும், இன்னொருவருக்கு எதையுமே மாற்றாது. இருவரும் ஒரே கார்டைத்தான் வாங்கியிருப்பார்கள். 12-இலிருந்து 10-க்கு வந்தவர் புதிதாய்ப் பிறந்ததுபோல் பேசுவார். 20-இலிருந்து சுமார் 17-க்கு வந்தவர் முன்பும் 45-இல்தான் இருந்தார், இப்போதும் 45-இல்தான் இருக்கிறார். இந்த ஒன்றைச் சொல்லாமல் தரப்படும் எந்தப் பரிந்துரையும் அரைகுறை. மேசைத் திரையில் எடுத்த சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டி மெய்நிகர் ஆட்டத்துக்குக் கார்டு விற்பதைத்தான் நான் முக்கியக் குறையாகக் காண்கிறேன். சராசரி இங்கே உதவாது. எத்தனை ஃப்ரேம் கெடுவைத் தவறவிட்டது என்பதே அளவு.

அந்த அளவை எவரும் வீட்டிலேயே எடுக்கலாம், செலவில்லை. ஸ்டீம்விஆர் மென்பொருளில் ஃப்ரேம் நேரத்தைக் காட்டும் வரைபடம் உள்ளேயே இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ரெசொல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். நேரம் சட்டென்று இறங்கினால் திணறுவது கார்டு. அசையாமல் நின்றால் திணறுவது பிராசஸர். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அது தீராது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 2020 டிசம்பரில் மெய்நிகர் வசதி வந்தபோது விலையுயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களும் தடுமாறியதற்கு இது ஒரு பெரிய காரணம்: நெரிசலான நகரத்தின் மேல் பறக்கும்போது வேலையின் பெரும்பகுதி பிராசஸரின் ஒற்றை இழையில் வந்து குவிகிறது. ரேம் போதாமல் இருந்தால் கூட்டலாம். போதுமானதற்கு மேல் கூட்டிப் பயனில்லை. எஸ்எஸ்டி காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும், ஃப்ரேமைத் தொடாது.

வருங்காலத்துக்கென்று வாங்கியவர்களின் கதையும் நல்லதாக இல்லை. இரட்டைக் கார்டு பூட்டினால் கண்ணுக்கு ஒன்றாக வேலை பிரியும் என்ற நம்பிக்கை இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்களே அதை ஆதரித்தன. 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகளில் மெய்நிகர் ஹெட்செட்டுகளுக்கென்றே விர்ச்சுவல்லிங்க் என்ற இணைப்பு வந்தது. அதை நம்பிப் பரவலான ஹெட்செட் எதுவும் வரவில்லை. 2020-இல் வந்த அடுத்த வரிசையில் அந்தத் துளையே இல்லை.

இன்று கணினியில் மெய்நிகர் ஆடுபவர்களில் பலர் அணிவது குவெஸ்ட் வகை ஹெட்செட். கணினி வரைந்த படம் அதற்கு நேரடியாகப் போவதில்லை. வீடியோவாகச் சுருக்கி, கேபிளிலோ வைஃபையிலோ அனுப்பி, ஹெட்செட்டுக்குள் விரித்துக் காட்டப்படுகிறது. இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவதும், திடீரென்று படம் உறைவதும் பெரும்பாலும் இந்தப் பாதையில் நேர்பவை. கணினியை ரவுட்டருடன் கேபிளில் இணைத்து, ஆடும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றை வைத்தால் தீர்ந்துவிடும் குறைக்காக, பெரிய கார்டு வாங்கி அதே மங்கலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. புதிய கார்டுகளில் உள்ள ஏவி1 சுருக்க வசதி உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதை விரிக்கும் திறன் ஹெட்செட்டிலும் இருக்க வேண்டும். குவெஸ்ட் 3-இல் இருக்கிறது, குவெஸ்ட் 2-இல் இல்லை.

எந்தக் கணினியும் தீர்க்காத குறைகளும் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டைவிரலால் ஸ்டிக்கைத் தள்ளி விளையாட்டுக்குள் நடந்தால், கண் நடக்கிறது, உடல் நடக்கவில்லை. நொடிக்கு 144 ஃப்ரேம் கொடுத்தாலும் அந்தக் குமட்டல் வரும். இடம்விட்டு இடம் தாவ வைப்பது, நகரும்போது ஓரங்களை இருட்டாக்குவது எனக் கேமை வடிவமைப்பவர்தான் அதற்கு வழி செய்ய முடியும். வன்பொருளின் பொருத்தமும் அப்படித்தான். 2019-இல் வந்த ரிஃப்ட் எஸ் ஹெட்செட்டில் லென்ஸ்களுக்கு இடையிலான தூரத்தை மாற்றவே வழியில்லை. குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள். கண்மணிகளின் இடைவெளி இதற்குப் பொருந்தாதவருக்கு மங்கலும் தலைவலியும் வரும். அவரைக் கார்டு வாங்கச் சொல்வது, செருப்பு கடிக்கிறது என்பவருக்குப் புதிய சாலை போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

கேம்களின் பக்கம் வருவோம். பீட் சேபரும் கொரில்லா டேகும் மிகப் பெரிய கூட்டத்தை ஈர்த்தவை. இரண்டுமே குவெஸ்டின் கைபேசி வகைச் சில்லில் ஓடுகின்றன. கொரில்லா டேகின் காட்சிகள் மிக எளிமையானவை. கைகளால் தரையைத் தள்ளித் தாவும் உணர்வில்தான் அதன் இன்பம் இருக்கிறது. இதைக் காட்டி வன்பொருளே தேவையில்லை என்று வாதிடுபவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. 2020-இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸில் ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, உள்ளே திரவம் தளும்புவதைப் பார்ப்பது வெறும் அலங்காரம் அல்ல, அந்த இடத்தில் நாம் இருக்கிறோம் என்று உடல் நம்புவது அப்படிப்பட்ட நுணுக்கங்களால்தான். அதற்குக் கணினி வேண்டும். ஆனால் அலிக்ஸ் கேட்ட குறைந்தபட்சக் கார்டு ஜிடிஎக்ஸ் 1060, 2016-இன் நடுத்தரக் கார்டு. சுமை கூடும்போது ரெசொல்யூஷனைத் தானே இறக்கிக் கெடுவைக் காப்பாற்றும்படி வால்வ் அதைக் கட்டியிருந்தது. அப்படிக் கட்டப்பட்ட கேம்கள் மிகக் குறைவு. வாங்குபவர் கூட்டம் குவெஸ்டில் இருப்பதால் ஸ்டூடியோக்களும் அதற்கே எழுதுகின்றன. விலையுயர்ந்த கார்டுக்கு வேலை கொடுக்கும் புதிய கேம்கள் அரிதாகிவிட்டன.

ஹெட்செட்டை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும். குவெஸ்ட் 3 கண்ணுக்கு 2064க்கு 2208 பிக்சல். 90 ஹெர்ட்ஸில் திரையை நிரப்ப மட்டுமே நொடிக்கு 80 கோடிக்கு மேல். நேற்று தாராளமாக இருந்த கார்டு இன்று திணறும். இந்தச் சுழலிலிருந்து வெளியேற எனக்குத் தெரிந்து நம்பத்தக்க வழி, கண் பார்க்கும் இடத்தை மட்டும் கூர்மையாக வரைந்து மற்றதைக் குறைத்து வரைவது. 2023-இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2, கண்ணின் நோக்கைத் தொடர்ந்து அறிந்து இதைச் செய்கிறது. 2024-இல் அதைக் கணினியில் இணைக்கும் அடாப்டரை சோனி வெளியிட்டது. ஆனால் கண் நோக்கை அறிவது உட்படச் சில வசதிகளை சோனி கணினியில் தரவில்லை. அதைக் கணினியில் மாட்டுபவர், தன் கண் பார்க்காத ஓரங்களையும் முழு நுணுக்கத்தோடு வரைவதற்கான கார்டுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.