விக்கிகேம்ப்ஸ்: விலையை விடத் தேதி முக்கியம்

ஆஸ்திரேலியாவில் கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பலரின் கைபேசியில் விக்கிகேம்ப்ஸ் இருக்கும். கேரவன் பார்க், தேசியப் பூங்கா முகாம், நெடுஞ்சாலையோர ஓய்விடம், குடிநீர்க் குழாய், கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் பாயின்ட் என எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் காட்டும் செயலி இது. இடங்களைச் சேர்ப்பதும் கருத்து எழுதுவதும் அங்கே தங்கிப் போனவர்கள்தான். தகவல்களையும் வரைபடங்களையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். இந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கலாம். ஏனென்றால் அந்நாட்டில் ஊர்களைத் தாண்டிவிட்டால் சிக்னல் கிடைக்காத நிலம்தான் அதிகம். நல்லார்பர் சமவெளிப் பக்கம் 146.6 கி.மீ. தூரம் வளைவே இல்லாமல் போகும் சாலையில் இருட்டும் நேரத்தில் இணையத்தை நம்பி இடம் தேட முடியாது.

ஆனால், ஃபில்டரைத் திறந்து 'இலவசம்' என்பதை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்புவது இந்தச் செயலியைப் பாதிதான் பயன்படுத்துவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேரவனை இழுக்கும் வண்டி 100 கி.மீ.க்கு 16 லிட்டர் டீசல் குடிக்கிறது, லிட்டர் இரண்டு டாலர் என்று வைத்துக்கொள்வோம். இலவச இடம் நெடுஞ்சாலையிலிருந்து 40 கி.மீ. உள்ளே இருந்தால் போய்வர 13 லிட்டர், ஏறக்குறைய 26 டாலர். அங்கே ஷோகிரவுண்ட் என்று சொல்லப்படும், விவசாயக் கண்காட்சி நடக்கும் ஊர்த் திடல்கள் பலவற்றில் அந்தக் காசுக்கு மின்சாரத்தோடு இடமும் வெந்நீர்க் குளியலும் கிடைக்கும். இன்னொன்று, கேரவன் கழிப்பறையின் கேசட் ஏறக்குறைய 18 லிட்டர்தான் கொள்ளும். இரண்டு பேருக்கு அது மூன்று, நான்கு நாளில் நிறைந்துவிடும். ஆகவே அடுத்த டம்ப் பாயின்ட் எங்கே என்பதைப் பார்த்த பிறகுதான் இலவச இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே திரையில் வைத்துப் பார்க்க முடிகிறது என்பதில்தான் இந்தச் செயலியின் பலம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய பலம் கருத்துகளின் அடியில் இருக்கும் தேதி. நட்சத்திர மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் ஆற்றங்கரைக் காட்சிக்குக் கொடுப்பார், இன்னொருவர் சுத்தமான கழிப்பறைக்குக் கொடுப்பார். போன வாரம் வந்தவர் 'கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் சாலை, மழையில் சேறு, நீளமான கேரவன் திரும்ப இடமில்லை' என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரி போதும். விதிகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. குயின்ஸ்லாந்தின் சாலையோர ஓய்விடங்களில் பொதுவாக 20 மணி நேரம் வரை தங்கலாம், மேற்கு ஆஸ்திரேலியாவில் 24 மணி நேரம் வரை. விக்டோரியா அரசு 2024 டிசம்பர் முதல் 2025 ஜூன் வரை அரசுப் பூங்கா முகாம்களின் கட்டணத்தை நீக்கியது. காசில்லை என்றதும் பதிவு செய்துவிட்டு வராமலே இருந்தவர்கள் உண்டு. பதிவேட்டில் நிரம்பியிருந்த இடம் நேரில் காலியாகக் கிடந்தது. விலைப் பட்டியலால் இதைச் சொல்ல முடியாது, முந்தின நாள் அங்கே இருந்தவரால்தான் முடியும்.

அமைதியான இடங்களை ஊரறியச் செய்து இந்தச் செயலிதான் கெடுத்துவிட்டது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. நாலு வண்டி நிற்கக்கூடிய கரையில் இருபது வண்டி வந்து நின்றால் புல்கூட மிஞ்சாது. என்றாலும், ஊராட்சி ஓர் இடத்தை மூடுவது பெரும்பாலும் குப்பை, மலம், நாள்கணக்கில் நகராத வண்டிகள் ஆகியவற்றால்தான். அந்தத் தவறுகளைத் தவிர்க்கத் தேவையான தகவலையும் இதே செயலி தருகிறது. இலவச இடங்கள் கேரவன் பார்க்குகளின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்ற புகாரையும் தள்ளிவிட மாட்டேன். வாடகையும் வரியும் கட்டி நடத்துகிறவருக்கு, பக்கத்திலேயே ஊராட்சி இலவசமாக இடம் கொடுப்பது நியாயமாகத் தெரியாது. ஆனால் இடத்துக்குக் காசு கொடுக்காத பயணி ஊருக்குள் டீசலும் ரொட்டியும் வாங்குகிறார். சில சிற்றூர் மதுக்கூடங்கள் இரவுச் சாப்பாடு வாங்குகிறவர்களைப் பின்புறத் திடலில் தங்க விடுவதும் இந்த வியாபாரத்துக்காகத்தான்.

கழிவுநீர்த் தொட்டி இல்லாத பழைய கேரவன் வைத்திருப்பவர்கள் இலவச இடம் தேடுவதற்கு முன் அதைப் பொருத்திக்கொள்வது நல்லது. கழிவு முழுவதையும் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டிகளுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் இலவச இடங்கள் பலவும் இந்த வரைபடத்தில் இருக்கின்றன.